மலை ரயில் பலகைக்கு மரம் செய்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேட்டுப்பாளையத்திலிருந்து கிளம்பி, கல்லாறு முதல் குன்னூர் வரை பல்சக்கரத்தில் ஏறும் நீலகிரி மலை ரயிலை ஆறடிக்கு நாலடி பலகையில் மாடலாகக் கட்டிக்கொண்டிருக்கிறேன். கீழே கல்லாறு பாக்குத் தோப்பு, நடுவில் ஹில்குரோவ் காடு, மேலே குன்னூர் தேயிலைச் சரிவு என்று மூன்றே காட்சிகள். தண்டவாளம் போட்டு, பாலம் கட்டி, குகை குடைந்ததற்கு ஆன நேரத்தைவிட மரத்துக்குத்தான் அதிக நேரம் ஆகியிருக்கிறது. பார்க்க வருகிறவர்களும் முதலில் மரத்தைப் பற்றித்தான் கேட்கிறார்கள். அந்தக் கேள்விகளும் என் பதில்களும் இங்கே. அளவுகள் எல்லாம் எச்.ஓ. ஸ்கேல், அதாவது நிஜத்தில் 87-இல் ஒரு பங்கு.

கடையில் மரம் பொட்டலமாகவே கிடைக்கிறதே. ஏன் கையால் செய்ய வேண்டும்?

கிடைக்கிறது, தரமாகவும் இருக்கிறது. ஆனால் மாடல் ரயில் பொருள் செய்யும் பெரிய நிறுவனங்கள் ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் இருக்கின்றன. அவர்கள் தங்கள் ஊர் மரங்களைச் செய்கிறார்கள்: ஊசியிலை மரம், இலையுதிர்காலத்தில் சிவந்து நிற்கும் மரம், பூத்த ஆப்பிள் மரம். நான் முதலில் ஒரு பெட்டி வாங்கி நட்டேன். ரயில் நீலகிரி ரயில்தான், ஆனால் அது ஓடிய இடம் ஏதோ பனி பெய்யும் ஊர் மாதிரி இருந்தது. நிலையத்துக்குப் பெயர்ப்பலகை வைத்தும் அந்த உணர்வு மாறவில்லை. ஓர் ஊரை அந்த ஊராகக் காட்டுவது மரம்தான். பாக்கு மரமும் தேயிலைச் செடியும் நாமே செய்தால்தான் உண்டு.

ஒரு மரம் எவ்வளவு உயரம் இருக்கலாம்?

நிஜ உயரத்தை 87-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். ஒரு மீட்டருக்கு பதினொன்றரை மில்லிமீட்டர் வரும். 15 மீட்டர் பாக்கு மரம் 17 செ.மீ. 20 மீட்டர் தூங்குமூஞ்சி மரம் 23 செ.மீ. இடுப்பளவு தேயிலைச் செடி 9 அல்லது 10 மி.மீ. என். ஸ்கேலில் (160-இல் ஒரு பங்கு) கட்டுகிறவர்களுக்கு ஒரு மீட்டர் என்பது ஆறே கால் மி.மீ.

கணக்குப் போட்டுப் பார்த்தால் எல்லாரும் மரத்தைச் சின்னதாகவே செய்கிறோம் என்பது தெரியும். நானும் முதலில் 10 செ.மீ.க்கு மேல் போகவில்லை. ரயில் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தால் பெரிதாகத் தெரியும், பலகையில் நட்டால் முருங்கைக் கன்று மாதிரி ஆகிவிடும். சந்தேகம் வந்தால் 19 மி.மீ. உயரத்தில் ஒரு மனித உருவத்தை மரத்தடியில் நிறுத்திப் பாருங்கள். தைல மரம் மட்டும் விதிவிலக்கு. 45 மீட்டர் வளர்ந்த மரத்தைச் சரியான அளவில் வைத்தால் அரை மீட்டருக்கு மேல் போய் மலையையே சின்னதாக்கிவிடும். அதை 25, 30 செ.மீ.க்குள் நிறுத்திக்கொள்வது நல்லது.

எதைப் பார்த்துச் செய்வது? படம் போதுமா?

படம் வேண்டும்தான், ஆனால் நேரில் பார்க்காமல் முடியாது. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு 46 கிலோமீட்டர், ஏறுவதற்கு ஏறத்தாழ ஐந்து மணி நேரம். இவ்வளவு மெதுவாக மரங்களைக் காட்டிக்கொண்டு போகும் ரயில் வேறு எங்கே கிடைக்கும்? சன்னலோரம் உட்கார்ந்து, இலையைப் பார்க்காமல் மரத்தின் உருவத்தைப் பாருங்கள். கிளை எந்த உயரத்தில் தொடங்குகிறது, மேலே குடையா கூம்பா, இலைக்கொத்து எங்கெங்கே பிரிந்து நிற்கிறது என்று கவனியுங்கள்.

நான் சொல்ல நினைப்பதில் முக்கியமானது இதுதான்: மரத்துக்குள் வானம் தெரிய வேண்டும். எந்த மரமும் பச்சை உருண்டை இல்லை. அது இலைக்கொத்துகளும் அவற்றுக்கு நடுவே இடைவெளிகளும் சேர்ந்தது. செய்து முடித்த மரத்தை விளக்குக்கு நேராகத் தூக்கிப் பிடிப்பேன். ஏழெட்டு இடத்தில் வெளிச்சம் ஊடுருவி வந்தால் நடுவேன். வராவிட்டால் இடுக்கியால் கொஞ்சம் பிய்த்துவிட்டு மறுபடி பார்ப்பேன்.

ஒயரில் மரம் முறுக்குவது எப்படி? கொஞ்சம் விரிவாகச் சொல்லுங்கள்.

பழைய ஃபிளெக்சிபிள் ஒயரின் மேல் உறையை உரித்தால் உள்ளே மெல்லிய செம்பு இழைகள் இருக்கும். கரண்ட் வேலை செய்கிறவர்களிடம் துண்டு ஒயர் கேட்டாலே கிடைத்துவிடும். நான் செய்த ஒரு தூங்குமூஞ்சி மரத்தை வைத்துச் சொல்கிறேன்.

30 செ.மீ. நீளத்தில் அறுபது இழைகளைச் சேர்த்துப் பிடியுங்கள். கீழே 3 செ.மீ.யை வேருக்கு விட்டுவிட்டு, அதற்கு மேல் 5 செ.மீ. மட்டும் குறடால் இறுக்கி முறுக்குங்கள். அதுதான் அடிமரம். தூங்குமூஞ்சிக்கு அடிமரம் குட்டை, கிளை அகலம். அதனால் அங்கேயே மூன்றாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் இருபது இழைகள் வருமாறு, பக்கவாட்டில் சாய்த்து 4 செ.மீ. முறுக்குங்கள். ஒவ்வொன்றையும் மறுபடி இரண்டாகப் பிரியுங்கள். ஆனால் சரிபாதியாகப் பிரிக்காதீர்கள். ஒன்றில் பன்னிரண்டு, இன்னொன்றில் எட்டு என்று விட்டால் ஒரு கிளை தடித்தும் ஒன்று மெலிந்தும் வரும். மரம் அப்படித்தான் கிளைக்கிறது. இப்படியே இரண்டு மூன்று இழை மிஞ்சும் வரை போய், நுனியில் ஒற்றை இழையாக விரித்துவிடுங்கள். நுனிகளை வெவ்வேறு நீளத்தில் வெட்டுங்கள்.

இப்போது பார்த்தால் முறுக்குக் கம்பி மாதிரியே இருக்கும். மனம் தளர வேண்டாம். சுவருக்குப் பூசும் பட்டித் தூளையும் ஃபெவிகாலையும் சம அளவு எடுத்து, தோசை மாவு பதத்துக்குத் தண்ணீர் விட்டுக் கலக்கி, பழைய பிரஷ்ஷால் அடிமரத்திலிருந்து மேல் நோக்கிப் பூசுங்கள். ஒரு பூச்சு காய்ந்த பிறகு அடுத்தது. அடிமரத்துக்கு மூன்று பூச்சு, நடுக்கிளைக்கு இரண்டு, நுனிக்கு ஒன்றும் வேண்டாம். கடைசிப் பூச்சு பாதி காய்ந்திருக்கும்போது பழைய டூத் பிரஷ்ஷால் நெடுக்கில் ஒரு இழுப்பு இழுத்தால் பட்டையின் கோடு விழும். வேர் இழைகளை நாலாபக்கமும் வளைத்து, நடுவில் ஒரு முறுக்கை மட்டும் நேராகக் கீழே விடுங்கள். பலகையில் துளையிட்டுச் செருகுவதற்கு அதுதான் ஆணி.

பச்சை இலையைப் போடுவதற்கு முன்பு இந்த மொட்டை மரத்தை ஒரு நாள் மேசையில் வைத்துச் சுற்றிச் சுற்றிப் பாருங்கள். இந்த நிலையில் மரம் அழகாக இருந்தால்தான் இலை போட்ட பிறகும் அழகாக இருக்கும்.

அடிமரத்துக்கு எந்த பிரவுன் வாங்குவது?

பிரவுனே வேண்டாம். வெளியே போய்ப் பாருங்கள், பெரும்பாலான மரப்பட்டை சாம்பல் நிறம்தான். சாம்பலில் துளி மண்ணிறம் கலந்து அடித்து, காய்ந்ததும் நிறைய தண்ணீர் சேர்த்த கறுப்பைத் தடவினால் கோடுகளில் இறங்கி நிற்கும். அப்புறம் ஏறக்குறைய காய்ந்த பிரஷ்ஷில் வெளிறிய சாம்பலைத் தொட்டு மேலாக உரசினால் மேடுகள் தெரியும். தைல மரத்துக்கு மட்டும் வெளிறிய அடிமரத்தில் உரிந்த பட்டை மாதிரி நீளக் கீற்றுகள்.

இலைக்கு ஸ்பாஞ்ச் தூளை வீட்டிலேயே அரைக்கலாமா?

தாராளமாக. சோபா தைக்கிற கடையில் வீணாகும் ஸ்பாஞ்ச் துண்டுகளை ஓர் அங்குல அளவுக்கு வெட்டி, ஜாரில் பாதி வரை தண்ணீர் விட்டு, விட்டு விட்டு அரையுங்கள். உலர்வாக அரைத்தால் துள்ளும், தூசி பறந்து மூச்சில் போகும். தண்ணீரோடு அரைப்பதே பாதுகாப்பு. அதற்கென்று ஒரு பழைய மிக்ஸி ஜாரை ஒதுக்கிவிடுங்கள். அது மறுபடி சமையலுக்குப் போகக் கூடாது.

அரைத்ததைப் பிழிந்து, அக்ரிலிக் பெயின்ட்டைத் தண்ணீரில் கரைத்துப் பிசைந்து, செய்தித்தாளில் பரப்பி நிழலில் இரண்டு மூன்று நாள் உலர்த்துங்கள். பிறகு மாவுச் சல்லடை, டீ வடிகட்டி என்று இரண்டு கண்களில் சலித்தால் மூன்று பருமனில் தூள் கிடைக்கும். பெரியது புதருக்கு, நடுத்தரம் மரத்துக்கு, பொடி தேயிலைக் கொழுந்துக்கு. உணவுக்குப் போடும் கலரில் முக்காதீர்கள், வெயில் பட்டால் சீக்கிரம் வெளுத்துவிடும்.

தூளை நேராகக் கிளையில் ஒட்டினால் உதிர்கிறதே?

நடுவே ஒரு தாங்கல் வேண்டும். தலையணைக்குள் அடைக்கும் பாலியஸ்டர் பஞ்சில் ஒரு சிட்டிகை எடுத்து, சிலந்திவலை மாதிரி ஆகும் வரை இழுங்கள். பஞ்சு என்று கண்ணுக்குத் தெரிந்தால் இன்னும் இழுக்க வேண்டும். அதற்குக் கறுப்போ கரும்பச்சையோ அடித்துக் காயவைத்து, கிளை நுனிகளில் கொத்துக் கொத்தாக மாட்டுங்கள். முழு மரத்தையும் ஒரே போர்வையாக மூடக் கூடாது. மேலே ஹேர் ஸ்ப்ரே அடித்து, ஈரமாக இருக்கும்போதே தூளைத் தூவி, தலைகீழாகத் தட்டுங்கள். அடியில் கருமையான பச்சை, உச்சியில் இளம்பச்சை. காய்ந்த பிறகு மறுபடி ஒரு முறை ஸ்ப்ரே.

கல்லாறு பாக்கு மரத்தை எப்படிச் செய்தீர்கள்?

இதைச் சொல்ல எனக்கு ஆசை அதிகம். பாக்கு மரத்தின் தண்டு 15, 20 செ.மீ. குறுக்களவு. 87-ஆல் வகுத்தால் இரண்டு மி.மீ. தென்னந்துடைப்பத்தின் ஈர்க்கு கிட்டத்தட்ட அதே பருமன்தான். நுனிக்குப் போகப் போக அதுவாகவே மெலிகிறது, லேசான வளைவும் இருக்கிறது. ஒரு துடைப்பம் இருந்தால் ஒரு தோப்புக்கே தண்டு ஆயிற்று. அடிப்பக்கத்திலிருந்து 17 செ.மீ.யும், பலகைக்குள் செருக 2 செ.மீ.யும் வெட்டி, சாம்பல் பச்சை அடித்து, கூர்மையான பிரஷ்ஷால் வெளிறிய வளையங்களை 2 மி.மீ.க்கு ஒன்றாகச் சுற்றுங்கள். மட்டை விழுந்த தழும்புதான் அந்த வளையம்.

மேல் நுனியில் ஒரு செ.மீ.க்கு மட்டும் பளிச்சென்ற பச்சை. மட்டைகளின் அடிப்பகுதி தண்டைச் சுற்றி மூடி நிற்பதால் வரும் பச்சை அது. தென்னைக்கு அது கிடையாது. இதை விட்டுவிட்டால் தூரத்திலிருந்து பார்ப்பவர்கள் தென்னை என்றே நினைப்பார்கள்.

ஓலைக்கு இரண்டு மெல்லிய காகிதத்துக்கு நடுவே ஒரு செம்பு இழையை வைத்து ஃபெவிகால் தடவி ஒட்டுங்கள். காய்ந்ததும் 2 செ.மீ. நீளத்தில் ஈட்டி வடிவமாக வெட்டி, இரண்டு ஓரத்திலும் கத்தரியைச் சாய்த்து நெருக்கமாகக் கீறுங்கள். ஒரு மரத்துக்கு எட்டு அல்லது ஒன்பது ஓலை போதும். நடு ஓலை ஒன்று குத்திட்டு நிற்கட்டும், மற்றவை வில்லாக வளையட்டும், கீழ் ஓலை ஒன்று காய்ந்து மஞ்சளாகத் தொங்கட்டும். பச்சைக்குக் கீழே ஆரஞ்சுப் பொட்டுகளாகப் பாக்குக் குலை.

இருபத்தெட்டு மரத்துக்கு எனக்கு இரண்டு வாரம் ஆயிற்று. தோப்பில் வரிசையாக நட்டு, இரண்டு மரத்தை மட்டும் லேசாகச் சாய்த்தேன். அடியில் வாய்க்காலும் ஈரமண்ணும் வைத்ததும், நான் சொல்லாமலே, பார்த்தவர்கள் கல்லாறு என்றார்கள்.

தென்னை?

இதே முறைதான். தண்டு மூங்கில் குச்சியில், அடி பெருத்து, பச்சைப் பகுதி இல்லாமல். ஓலை 5 செ.மீ., எண்ணிக்கை இருபதுக்கு மேல்.

தேயிலைத் தோட்டத்தை ஒவ்வொரு செடியாகச் செய்ய வேண்டுமா?

வேண்டாம். ஒரு செடி ஒன்றேகால் மீட்டர் அகலம் என்று வைத்தால் பலகையில் 14 மி.மீ. ஓர் அடிக்கு ஓர் அடி சரிவிலேயே நானூறுக்கு மேல் வந்துவிடும்.

தேயிலையில் கண்ணுக்குப் படுவது தனிச்செடி இல்லை. கொழுந்து பறித்துப் பறித்து மட்டமான மேற்பரப்பும், நடுவே நெளிந்து ஓடும் பாதையும்தான். 10 மி.மீ. கனமுள்ள ஸ்பாஞ்சை 14 மி.மீ. அகலப் பட்டைகளாக வெட்டி, மேலே சின்னக் கத்தரியால் 14 மி.மீ.க்கு ஒரு முறை கிள்ளி எடுங்கள். ஒவ்வொரு கிள்ளலும் கொஞ்சம் கோணலாக இருக்கட்டும். பட்டையின் ஓரங்களை உருட்டி நறுக்கினால் செடி செடியாகத் தெரியும். முதலில் முழுவதையும் கரும்பழுப்பில் முக்கிக் காயவையுங்கள். பிறகு மேல்பக்கத்தில் மட்டும் ஆழ்ந்த பச்சை. பக்கவாட்டில் பழுப்பு தெரியட்டும். உள்ளே நிழலும் தண்டும் இருப்பதாகக் கண் நம்பிவிடும்.

பட்டைகளை மலையின் வளைவோடு சேர்த்து ஒட்டுங்கள். மேலிருந்து கீழாக நேர்க்கோட்டில் ஒட்டினால் கரும்புக் காடு மாதிரி ஆகிவிடும். கடைசியில் உச்சியில் மட்டும் ஃபெவிகால் தண்ணீரைத் தொட்டு, பொடித் தூளில் மஞ்சள் கலந்த இளம்பச்சையைத் தூவுங்கள். அது கொழுந்து. சரிவின் ஒரு பகுதியை மட்டும் கொழுந்து இல்லாமல் விட்டேன். அங்கே அன்றைக்குப் பறித்து முடித்துவிட்டார்கள். அந்த எல்லையில் கூடையோடு நான்கு பெண்களை நிறுத்தியதும் சரிவுக்கே உயிர் வந்தது.

தேயிலைக்கு நடுவில் நிற்கும் சில்வர் ஓக் மரம்?

மெல்லிய, நேரான தண்டு. நிழலுக்காக வளர்ப்பதால் பக்கக் கிளைகளைக் கழித்துக்கொண்டே இருப்பார்கள். மூங்கில் குச்சியைக் கூராக்கி, காய்ந்த பீர்க்கங்காய் நாரைச் சிறு துணுக்குகளாகப் பிய்த்து மேல்பாதியில் அங்கங்கே குத்தி ஒட்டுங்கள். தூள் குறைவாக, சாம்பல் பூத்த பச்சையில். இலையின் அடிப்பக்கம் வெள்ளியாக மின்னும் மரம் இது, அதனால் வெளிறிய சாம்பலை அடியிலிருந்து லேசாக உரசிவிடுங்கள். தோட்டம் முழுக்க நெருக்கிவிடாமல், இடம் விட்டு நடுங்கள்.

ஹில்குரோவ் காட்டுக்கு எத்தனை மரம் செய்தீர்கள்?

முழு மரம் பதினாறுதான். பாதையோரம் முன்வரிசைக்கு மட்டும் அடிமரமும் கிளையும் உள்ளவை. அதற்குப் பின்னால் அடர்ந்த காட்டில் நமக்குத் தெரிவது மரத்தின் தலை மட்டும்தானே? அங்கே பாலியஸ்டர் பஞ்சை எலுமிச்சை அளவிலிருந்து சுண்டைக்காய் அளவு வரை உருட்டி, கரும்பச்சை அடித்து, தூள் தூவி, சரிவில் நெருக்கமாக ஒட்டினேன். முன்னால் பெரிய உருண்டை, பின்னால் சின்னது. பின்வரிசையில் பச்சையோடு துளி சாம்பல் நீலம் சேர்த்தால் தூரம் கூடும். நீலகிரிச் சோலைகளில் தளிர்விடும் காலத்தில் மரம் முழுக்கச் செந்தளிராக நிற்கும். இருபது உருண்டைக்கு ஒன்றைச் செம்பழுப்பில் விட்டால் காடு உடனே நம் காடாகிவிடும்.

புதருக்குச் சுலபமான வழி?

பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரைப் பிய்த்துப் பிய்த்து உருவம் இல்லாமல் ஆக்கி, சாம்பல் பச்சை அடித்து, பெரிய பருமனுள்ள ஸ்பாஞ்ச் தூளைத் தூவினால் போதும். மலைச் சரிவில் எங்கும் படர்ந்திருக்கும் உண்ணிச்செடிக்கு 2 செ.மீ. உயரம், மேலே ஊசிமுனையால் மஞ்சளும் ஆரஞ்சும் புள்ளிகள். மரத்தடி வெறுமையாக இருந்தால் மரம் ஆணி அடித்ததுபோல் தெரியும். அதனால் வேரைச் சுற்றிச் சருகுக்காக டீத்தூள் கொஞ்சம் (வடிகட்டி, நன்றாகக் காயவைத்தது), ஓரமாக ஒரு புதர் வைத்துவிடுங்கள்.

நிஜச் செடியின் குச்சியையே மரமாக வைக்கலாமா?

வைக்கலாம், அழகாகவும் இருக்கும். மாம்பூ உதிர்ந்த பிறகு கீழே விழும் காம்பை எடுத்துப் பாருங்கள், கிளைத்துக் கிளைத்து ஒரு முழு மரமே கையில் இருக்கும். பச்சடிக்கு வேப்பம்பூ உதிர்த்த பிறகு மிஞ்சும் காம்பு சின்ன மரங்களுக்கு நல்லது. காய்ந்த துளசிக் கதிர்த் தண்டும் உதவும்.

ஆனால் அப்படியே நட்டுவிடாதீர்கள். நான் செய்த முதல் காட்டில் பாதி இப்படி நட்டதுதான். ஐப்பசி மழையில் வெள்ளைப் பூஞ்சை பிடித்தது, மீதியைப் பூச்சி அரித்துத் தூளாக்கியது. நாற்பது மரத்தைப் பிடுங்கிப் போட்டபோது மனசு கனத்துவிட்டது. இப்போது மருந்துக்கடை கிளிசரின் ஒரு பங்குக்கு வெந்நீர் இரண்டு பங்கு கலந்து, காம்புகளை இரண்டு நாள் ஊறவைத்து, நிழலில் தொங்கவிட்டு உலர்த்துகிறேன். முறியும் தன்மை போய்விடுகிறது. நன்றாக உலர்ந்த பின் பெயின்ட்டால் முழுதும் மூடுகிறேன். பூஞ்சை அப்புறம் வரவில்லை.

அரளிக் குச்சியை மட்டும் தொட வேண்டாம், செடி முழுக்க விஷம். காப்புக்காட்டிலிருந்து பாசியோ வேரோ எடுத்து வரவும் கூடாது. நம் பலகைக்கு வேண்டியது எல்லாம் வீட்டு முற்றத்திலேயே இருக்கிறது.

பகலில் நன்றாக இருந்த பச்சை இரவில் அசிங்கமாகத் தெரிகிறது. ஏன்?

விளக்குதான் காரணம். மஞ்சள் எல்.இ.டி.யில் பச்சை ஒரு மாதிரி, வெள்ளை எல்.இ.டி.யில் வேறு மாதிரி. பலகைக்கு மேலே எந்த விளக்கு எரியுமோ அதே விளக்கின் கீழ் கலர் கலக்குங்கள். புட்டியிலிருந்து வரும் பச்சையை அப்படியே அடிக்காமல், எப்போதும் துளி மஞ்சளும் துளி பழுப்பும் சேருங்கள்.

நடும்போது என்ன கவனிக்க வேண்டும்?

பலகை தெர்மாகோலாக இருந்தால் ஃபெவிக்விக் வகைப் பசை அதைக் கரைத்துக் குழியாக்கிவிடும். ஃபெவிகால் போதும். தண்டவாளத்தை ஒட்டிய மரங்களை ஒட்டவே ஒட்டாதீர்கள், துளையில் செருகி மட்டும் வையுங்கள். உங்களிடம் உள்ள நீளமான பெட்டியை எல்லா வளைவிலும் கையால் தள்ளிப் பாருங்கள். வளைவில் பெட்டியின் நடுப்பகுதி உள்பக்கமாகவும் முனைகள் வெளிப்பக்கமாகவும் தள்ளிக்கொண்டு வரும். எந்த இலையும் உரசாமல் போனால் சரி.

தூசி படிந்தால்?

முகத்துக்குப் பவுடர் போடும் மெத்தென்ற பிரஷ் ஒன்றை இதற்கென்றே வைத்திருக்கிறேன். மாதம் ஒரு முறை மேலிருந்து கீழாக மெல்லத் தட்டுவேன். பலகையை சன்னல் வெயிலில் வைக்காதீர்கள். வேலை இல்லாத நேரத்தில் பழைய பருத்திச் சேலை ஒன்றைக் குச்சி நட்டு மேலே விரித்துவிடுகிறேன்.

வீட்டுப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளலாமா?

கட்டாயம். குறடும் ஸ்ப்ரேயும் உங்கள் கையில் இருக்கட்டும். பஞ்சு இழுப்பது, தூள் தூவுவது, ஈர்க்குக்கு வளையம் வரைவது எல்லாம் அவர்கள் வேலை. என் மகளுக்கு எட்டு வயது. கல்லாறு தோப்பில் சாய்ந்து நிற்கும் அந்த இரண்டு மரங்களும் அவள் நட்டவை.